சம்மதமும் சிகிச்சையும்

கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை உயிரைக் காப்பது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், பலாத்காரத்தின் ஞாபகத்தைச் சரீரத்திலேயே சுமக்கும் ஒரு ஸ்திரீக்கு, அந்தப் பரிசோதனை மேஜையும், குளிர்ந்த உலோகக் கருவியும், ‘அசையாமல் இருங்கள்’ என்னும் குரலும் பழைய பயங்கரத்தையே மீண்டும் கொணருமாயின், நல்லெண்ணம் ஒன்றே பிறர் தேகத்தைத் தீண்டும் அதிகாரத்தைத் தந்துவிடுமா? தராது என்றே கருதுகிறேன். அஹிம்சை என்பது செய்பவரின் மனத்தூய்மையோடு முடிவதன்று. எதிரிலிருப்பவரின் அனுபவத்திலும் அது துன்பமாகாதிருத்தல் வேண்டும். அதற்கு வழியும் உண்டு: ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல், 25 வயதிலிருந்து 74 வயது வரையுள்ள பெண்கள், திரைமறைவில், சிறு பஞ்சுக் குச்சியால் தாமே மாதிரி எடுத்து, இப்புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கான சோதனைக்குத் தரலாம். நோய்க்குறி உள்ளோருக்கு மருத்துவரின் நேர்ப்பரிசோதனை இன்றும் அவசியமே. அங்கும், ‘நிறுத்துங்கள்’ என்று அவள் சொன்ன கணமே கை விலகவேண்டும், காரணம் கேட்கலாகாது.