தறிச் சத்தமும் ஒரு சின்ன ஆசையும்

சங்கரன்கோவில்காரர்களுக்குத் தாளம் சொல்லித்தர வேண்டியதில்லை. விசைத்தறி ஓடும் தெருவில் வளர்ந்த பிள்ளைக்குத் தறி நின்றால்தான் தூக்கம் கலையும். ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் மூச்சுவிட இடம் கிடையாது.

அதற்கு நேர் எதிரான ஒரு பாட்டு, 1992-இல் வந்த 'ரோஜா' படத்தின் 'சின்னச் சின்ன ஆசை'. கதாநாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம், நம்ம தென்காசிப் பக்கம்தான். சூரியகாந்தி பூத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறோமே, அதே ஊர்.

படம் காஷ்மீரில் துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்கும். அது ஓய்ந்ததும் இந்தப் பாட்டு. கிராமம், விடியல், துள்ளும் பெண் என்றால் தவிலும் நாயனமும் முழங்கும் என்றுதான் அன்றைக்கு யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். 25 வயது ஏ. ஆர். ரஹ்மானுக்கு அது முதல் படம். வீட்டோடு ஒட்டிய சொந்த ஸ்டுடியோவில், சிந்தசைசரை வைத்துக்கொண்டு, அவர் வேறு வழி பிடித்தார்.

அடியில் பேஸ் நாதம் கனமாகக் குதித்துக் குதித்துப் போகிறது. அதன்மேல் வரும் தட்டு, நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாமல் ஒரு சிட்டிகை தள்ளி விழுகிறது. என் காதுக்கு அது ஜமைக்காத் தீவின் ரெகே நடை. இப்படித் தள்ளி விழுவது நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. தாளம் தொடங்கியபின் பாட்டைத் தொடங்குவதைக் கர்நாடக இசைக்காரர்கள் அநாகத எடுப்பு என்பார்கள். இது வேறு கணக்கு, சுகம் என்னவோ ஒன்றுதான்.

அந்த இடைவெளிக்குள் மின்மினியின் குரல் வந்து உட்காருகிறது. உச்சஸ்தாயியில் கத்தவில்லை, அழுத்தவில்லை. கேட்டது கிடைத்துவிடும் என்று நம்புகிறவள் எதற்குக் கத்த வேண்டும்? வாத்தியங்களும் அவளை முந்திக்கொண்டு ஓடவில்லை. வரிகளுக்காக வைரமுத்துவும் இசைக்காக ரஹ்மானும் தேசிய விருது வாங்கினார்கள். இருந்தாலும் இந்தப் பாட்டின் நம்பிக்கை பாதிக்கு மேல் அந்தத் தாமதமான தட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இன்றைக்கு டீக்கடையிலோ பஸ்ஸிலோ அந்தப் பாட்டு காதில் விழுந்தால், ஒரு சரணம் மட்டும் வரிகளை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸைக் கேட்டுப் பாருங்கள்.