தெரிந்ததை மறுபடி படிப்பது

அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வில் தேறியவர்களுக்கு மதிப்பெண் சொல்வதில்லை. தோற்றவர்களுக்குத்தான் ஒரு தாள் வரும். ஒவ்வொரு பாடப்பகுதிக்கும் எதிரே, தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே, அருகே, கீழே என்று மூன்றில் ஒன்று போட்டிருக்கும். என் அக்கா மகளுக்கு வந்த தாளில் பெரும்பாலும் 'அருகே'. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "கீழேன்னு போட்டிருந்தா, சரி, ஒழுங்காப் படிக்கலன்னு விட்டுருப்பேன் சித்தி. இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றாள்.

அவள் கொல்கத்தாவில், ஈ.எம். பைபாஸ் ஓரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறாள். நான் நர்சிங் கல்லூரியில் ட்யூட்டராக இருந்து ஓய்வு பெற்று, லேக் மார்க்கெட் பக்கம் குடியிருப்பவள். டியூட்டி முடிந்து இங்கேதான் வருவாள். அக்கம்பக்கத்துத் தமிழர்களுக்கெல்லாம் அவள் அமெரிக்கா போகப்போவது முன்பே தெரியும். காய்கறிக் கடையில்கூட "ரிசல்ட் வந்துடுச்சா?" என்கிறார்கள். "பாஸ் ஆகல மாமி, திரும்ப எழுதணும்" என்று ஒரே வரியில் சொல்லிவிடு, விளக்கம் கொடுக்காதே என்றேன். இந்த ஒன்றில் மட்டும் என் யோசனை உடனே பலித்தது.

நம் நாட்டில் நர்ஸுக்கு இப்படித் தனியாக ஓர் உரிமத் தேர்வு கிடையாது. சென்னை மாகாணத்தில் 1926இலும், வங்காளத்தில் 1934இலும் நர்ஸ்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. 1947இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். படிப்பின் கடைசிப் பரீட்சையில் தேறினால் மாநில கவுன்சிலில் பதிவு, அதோடு சரி. அதனால் பல வருடம் ஊசி போட்டு, உயிர் காப்பாற்றி, ஜூனியர்களுக்குக் கற்றும் கொடுத்த பிறகுதான், "நீ ஆபத்தில்லாமல் வேலை செய்வாயா?" என்று ஒரு கணினி முதன்முதலாகக் கேட்கிறது. இல்லை என்று அது சொல்லிவிட்டால், மறுநாள் காலை ஏழு மணி டியூட்டிக்கு எந்த முகத்தோடு போவது?

அந்தக் கணினி கேட்கும் முறையும் விசித்திரமானது. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும். தப்பாகச் சொன்னால் எளிதாகும். ஆகவே நன்றாகப் படித்தவளுக்கும் தேர்வறையில் முழுக்கத் தடுமாறுகிறோம் என்றே தோன்றும். 2023 ஏப்ரலில் வந்த புது முறைப்படி குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். எழுதுபவள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று 95 சதவீதம் நிச்சயமானதும் கணினி நின்றுவிடும். சீக்கிரம் நின்றால் பாஸா ஃபெயிலா என்று பெண்கள் மணிக்கணக்காக விவாதிக்கிறார்கள். இரண்டுக்குமே நிற்கும். தேர்வு முடிந்த கையோடு மறுபடி பணம் கட்டிப் பார்ப்பார்கள். இணையதளம் பணத்தை வாங்க மறுத்தால் பாஸ் என்று ஒரு நம்பிக்கை. படித்த பெண்களின் கிளி ஜோசியம் இது.

தோற்றால் 45 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எழுதலாம். ஆனால் முதல் தடவை எழுதுபவர்களைவிட மறுபடி எழுதுபவர்கள் தேறும் விகிதம் ஒவ்வொரு வருடமும் குறைவாகவே இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால் இது தலைகீழாக இருக்க வேண்டும் அல்லவா? ஒருமுறை பார்த்தவளுக்குத்தானே கூடுதலாகத் தெரிந்திருக்கும்? மறுபடி எழுத உட்காரும் பலரையும் கவனித்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அவர்கள் இந்தத் தேர்வுக்கான சாண்டர்ஸ் வழிகாட்டிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படிக்கிறார்கள். போன தடவை மஞ்சள் கோடு போட்ட இடத்தில் இப்போது பச்சைக் கோடு. தெரியாததைத் தெரிந்துகொள்வதுதான் படிப்பு என்று நாம் பழகியிருக்கிறோம். முதல் தடவைக்கு அது போதும். தோற்ற பிறகு படிக்க வேண்டியது, சந்தேகமே இல்லாமல் தெரியும் என்று நினைத்திருந்தவற்றை.

அவளைப் பயிற்சிக் கேள்விகளைப் போட வைத்து, ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் எவ்வளவு உறுதியாக எழுதினாள் என்றும் குறிக்கச் சொன்னேன். தப்பானவற்றில் பாதிக்கு மேல் 'நல்லாத் தெரியும்' என்று குறித்தவை. மருந்தின் பெயரையோ அளவையோ அவள் தவறவிடவில்லை. வார்டுதான் தவறவிட வைத்தது.

ஒரு மாதிரி சொல்கிறேன். நான்கு நோயாளிகள், யாரை முதலில் பார்ப்பாய்? ஒருவர் சிறுநீரகக் கல் வலியில் அலறுகிறார். இன்னொருவர் இடுப்பெலும்பு அறுவைக்குப் பிறகு திடீரென்று குழம்பிப் பேசும் முதியவர். அலறுபவரிடம் போகிறாள் இவள். ஏன்? அங்கே பேஷண்ட் பார்ட்டி நிற்கும். கொல்கத்தாவில் நோயாளியோடு வருகிற மகன், மருமகன், மாமா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாருக்கும் சேர்த்து அதுதான் பெயர். இரண்டு நிமிடம் தாமதமானால் குரல் உயரும், சூப்பர்வைசர் வருவார். முதியவர் சத்தம் போடுவதில்லை. வார்டில் உதவிக்கு இருக்கும் ஆயா மாசி "உறக்கக் கலக்கம்" என்று சொல்லிவிடுவாள். ஆனால் கல் வலி எதிர்பார்த்த வலி. புதிதாக வந்த குழப்பமோ மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்பதன் முதல் அடையாளமாக இருக்கலாம். இது அவளுக்குத் தெரியாதா? கேட்டால் பாடமாக ஒப்பிப்பாள். கை மட்டும் சத்தம் வரும் திசைக்குப் போகப் பழகிவிட்டது.

'முதலில் என்ன செய்வாய்?' வகைக் கேள்விகளும் அப்படித்தான். மார்ஃபின் போன நோயாளியின் மூச்சு குறைகிறது. "டாக்டருக்குப் போன்" என்று எழுதுகிறாள். மருந்தை நிறுத்து, எழுப்பிப் பார், ஆக்சிஜன் வை, அதோடு கூப்பிடு என்கிறது விடை. நர்ஸ் தானாக எதையும் செய்தால் திட்டு விழும் இடத்தில் வளர்ந்தவள் கை போனைத்தானே தேடும். இந்தப் பழக்கங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோவிட் பரவிய 2020 மே மாதம் மணிப்பூர் நர்ஸ்கள் நூற்றுக்கணக்கில் கொல்கத்தா மருத்துவமனைகளை விட்டு ஊர் திரும்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் எத்தனை கட்டில்களைத் தனியாகப் பார்த்தார்கள் என்பதை அருகிலிருந்து கண்டவள் நான். அன்றைக்கு அந்தப் பழக்கங்கள் உயிரையும் வேலையையும் காப்பாற்றின. இன்னொரு நாட்டுக் கோட்டின் முன்னால் அவையே தடுக்கின்றன.

தேர்வில் தோற்று, வேலையும் பார்த்துக்கொண்டு, மறுபடி தேர்வெழுத உட்கார்ந்தவர்களுக்கு இந்த ஊரிலேயே ஒரு மூத்த உதாரணம் உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்த காதம்பினி கங்குலி. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கல்கத்தா அதற்குப் பல வருடம் பின்தங்கியது. காதம்பினி 1886இல் இறுதித் தேர்வில் ஒரு பாடத்தில் தேறவில்லை. எம்.பி. பட்டம் கிடைக்கவில்லை. கல்லூரி ஜி.பி.எம்.சி. என்ற பட்டயத்தைக் கொடுத்தது. பெண்கள் மருத்துவம் படிப்பதை எதிர்த்த பேராசிரியர் வேண்டுமென்றே தோற்கடித்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1888இல் லேடி டஃப்ரின் மருத்துவமனையில் மாதம் 300 ரூபாய்க்கு வேலை. அதே வருடம், நம் தொழிலுக்கே தாயான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் ஒரு கடிதத்தில் அவரைப் பற்றி விசாரிக்கிறார். பிரசவத்துக்கு வெறும் பதின்மூன்று நாள்தான் கல்லூரிக்கு வரவில்லையாம் என்று அதில் வியக்கிறார்.

பேராசிரியரின் வஞ்சம், பிறகு வெற்றி என்று இந்தக் கதையை மேடைகளில் சொல்வார்கள். எனக்கு நடுவிலிருக்கும் வருடங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. கையில் பட்டயம் இருக்கிறது, நோயாளிகள் வருகிறார்கள், சம்பளம் வருகிறது. ஆனால் முழுப் பட்டம் இல்லாதவர் என்ற பார்வையும் கூடவே வருகிறது. 1893இல், குழந்தைகளை விட்டுவிட்டுக் கப்பல் ஏறி, ஸ்காட்லாந்தின் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வழங்கும் மும்மை உரிமத்தை எழுதி வாங்கித் திரும்பினார். வேலை தெரிந்த ஒருத்தி, தெரியும் என்பதை அந்நிய நாட்டுத் தேர்வாளர்கள் முன் முதலிலிருந்து காட்டச் சம்மதித்தாள். அந்தச் சம்மதத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இதை என் அக்கா மகளிடம் சொன்னபோது, "அவங்களுக்குத் திட்ட ஒரு ப்ரொஃபசராவது இருந்தாரு, எனக்கு கம்ப்யூட்டர்" என்றாள். நியாயம்தான். பழி போட ஆளில்லாத தோல்வி இரவில் அதிக நேரம் விழித்திருக்க வைக்கும்.

கடைசியாக நாங்கள் சண்டை போட்டது ஒரு புற்றுநோய்க் கேள்விக்காக. "அம்மாவிடம் சொல்லாதீர்கள்" என்று மகன் நர்ஸிடம் கேட்கிறான். அவள் மகன் பக்கம் நின்ற விடையை எழுதியிருந்தாள். என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அம்மாவையே கேள் என்பது சரியான விடை. "தேர்வுக்காக எழுதிடறேன் சித்தி. நம்ம ஊர்ல அப்படிக் கேட்டா அந்தப் பையனே என் மேல கம்ப்ளெயின்ட் கொடுப்பான்" என்றாள். கேட்பதும் சொல்வதும் ஒன்றல்ல, எல்லாவற்றையும் மகனிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா சொல்லவும் இடம் இருக்கிறது என்றேன். அரை மனதோடு போனாள்.

அடுத்த வாரம், ஹௌரா பக்கத்திலிருந்து வந்து படுத்திருந்த ஓர் அம்மாவிடம் நைட் டியூட்டியில் கேட்டே விட்டிருக்கிறாள்: டாக்டர் சொல்வதை நீங்கள் கேட்டுக்கொள்கிறீர்களா, மகன் கேட்டுக்கொள்ளட்டுமா? அந்த அம்மா கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, நோயை மகனிடம் சொல், ஆபரேஷனுக்குப் பணம் யாரிடம் கடன் வாங்கினான் என்பதை மட்டும் விசாரித்து எனக்குச் சொல் என்றாராம்.

"நாலு ஆப்ஷன்ல இது எங்கேயும் இல்லையே" என்று கோபமாகச் சொன்னாள். பிறகு தேர்வுத் தேதியை துர்கா பூஜை விடுமுறைக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று பேச ஆரம்பித்தோம். தெருவில் டாக் மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டால் நாலு நாளைக்கு ஒரு பக்கம் நகராது. முன்னால் போடு என்றேன். லீவு கிடைக்காது என்கிறாள்.