குறியும் தீர்ப்பும்

மாடுகளில் கன்று வீச்சு நோயைக் கண்டறியும் இரத்தச் சோதனைகள் புருசெல்லா என்னும் கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே பார்க்கின்றன. ஆகவே அவை தருவது காட்சி அல்ல, அனுமானம். ரோஸ் பெங்கால் சோதனையில் ஒரு சொட்டுச் சீரத்தைச் சாயமேற்றிய புருசெல்லாக் கரைசலோடு கலந்தால் 4 நிமிடத்தில் திரள்கிறதா என்று தெரிந்துவிடும். மலிவு, விரைவு. ஆனால் கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதில் போடும் எஸ்19 தடுப்பூசியும் உயிருள்ள புருசெல்லாதான். அதனால் எழும் எதிர்ப்பொருளும் அதே திரளைக் காட்டக்கூடும். போட்டி எலைசா என்னும் இரண்டாவது சோதனை இந்தக் குழப்பத்தைக் குறைக்கிறது, முற்றிலும் நீக்குவதில்லை. தொற்றிய புதிதிலோ எந்தச் சோதனையும் நோயைத் தவறவிடலாம்.

இத்தகைய குழப்பத்தைப் பௌத்தக் காப்பியமான மணிமேகலை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. அக்காப்பியத்தில் அறவண அடிகள் காட்சி, அனுமானம் என அறிவுக்கு இரண்டு அளவைகளையே ஏற்று, அனுமானம் பிழைபடும் வழிகளையும் வகுக்கிறார். நிறுவ வேண்டியது உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏது, அதாவது சான்றாகக் காட்டும் குறி, எதையும் நிறுவாது என்பது அவற்றில் ஒன்று. நோயுற்ற மாட்டிலும் தடுப்பூசி போட்ட மாட்டிலும் தோன்றும் திரள் அத்தகைய ஏதுதான். இரண்டாவது சோதனையின் பயன், அந்த ஏதுவை நோய்க்கே உரியதாகக் குறுக்குவது.

ஐயம் தீரும்வரை காத்திருந்தால் நோய் பரவாதா என்று கேட்கலாம். காத்திருக்கத் தேவையில்லை. மாட்டைத் தனியே கட்டுவதற்கும், பாலைக் காய்ச்சுவதற்கும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமலிருப்பதற்கும் ஐயமே போதும். தவறானாலும் இழப்பு சிறிது. மாட்டைக் கழிப்பது மீள முடியாத செயல், அதற்கு வலுவான சான்று வேண்டும். பசு புனிதம், கொல்லவே போவதில்லை என்றால் சோதனை எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. கொல்லாமை ஒரு மாட்டோடு முடிவதில்லை. அறியாமல் விட்ட தொற்று அடுத்த சினைமாட்டின் கருவைக் கலைக்கிறது, பேறு பார்த்தவருக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சலாகிறது. அறிய முடிந்ததை அறியாமல் இருப்பதை அருள் என்று சொல்ல முடியாது. குறி எவ்வளவு தாங்குமோ அவ்வளவே செயலை அதன்மேல் ஏற்றுவது அளவையின் ஒழுங்கு. உயிர்களைப் பொறுத்தவரை அதுவே அறத்தின் ஒழுங்கும்.