97 நாட் அவுட்

விஸ்வநாத்தின் அந்த ஆட்டத்தைச் சேப்பாக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததாக அப்பா சொல்வார். 1975 ஜனவரி, பொங்கலை ஒட்டி, வெஸ்ட் இண்டீஸுடன் டெஸ்ட். "ஒவ்வொருத்தனா வர்றான், போறான். இவரு ஒருத்தர் மட்டும் நிக்கிறாரு. ராபர்ட்ஸ் எவ்வளவு வேகமா போடுறானோ அவ்வளவு வேகமா கட் பண்றாரு. பந்து நேரா எங்க முன்னாடி வந்து போர்டுல மோதுச்சு." இந்த இடத்தில் வலது கையைப் பக்கவாட்டில் வெட்டிக் காட்டுவார். கடைசியில் சொல்வார்: "நூறு. நாட் அவுட்."

அது நூறு இல்லை என்று பள்ளியில் படிக்கும்போதே தெரிந்துகொண்டேன். 97. இந்தியா எடுத்த மொத்த ரன் 190. ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட். கவாஸ்கர் காயத்தால் அந்த டெஸ்டில் ஆடவில்லை. தொடரின் முதல் இரண்டு டெஸ்டிலும் தோற்று, கல்கத்தாவில் ஒன்றைப் பிடித்துவிட்டு இங்கே வந்திருந்தார்கள். சேப்பாக்கத்தில் இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஒருவேளை அந்த நூறுதான் அப்பாவின் ஞாபகத்தில் இடம் மாறி விஸ்வநாத்தின் மட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டதோ என்று நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

மற்றது ஒரு கல்யாண வீட்டில் தெரிந்தது. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் இந்தக் கதையை எடுத்தேன். அவர் சிரித்துவிட்டார். "அண்ணன் எங்கடா மெட்ராஸ் போனாரு? நானும் அவரும் நம்ம பஜார்ல மளிகைக்கடை வாசல்ல நின்னு ரேடியோல கேட்டோம். டிக்கெட்டுக்கு யாருகிட்டடா காசு இருந்துச்சு?"

எனக்குக் கோபம் வந்தது. ஏமாற்றப்பட்ட கோபம். அதே வாரம், வேறு ஏதோ பேச்சு முற்றிப்போய், சம்பந்தமே இல்லாமல் சொன்னேன்: "நீங்க சேப்பாக்கம் போகவே இல்லையாமேப்பா. அது நூறும் இல்ல, தொண்ணூத்தேழு." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு பல வருஷம் விஸ்வநாத்தைப் பற்றி வீட்டில் அவர் வாயைத் திறக்கவில்லை.

நான் சொன்னது சரியான தகவல். செய்தது சரியா என்பதுதான் இன்றுவரை குடைகிறது.

முதலில், அது பொய்யா? சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்ததே அந்த வருஷம் ஆகஸ்ட் 15-ல்தான். ஆக, நேரில் போகாத எல்லோருக்கும் அது காதால் பார்த்த ஆட்டம். ரேடியோ பந்தைக் காட்டாது. பந்து போன திசையைச் சொல்லும், கூட்டத்தின் இரைச்சலைத் தரும். மிச்சத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். கட் ஷாட்டை, போர்டை, வெயிலை அப்பா அவரே போட்டுக்கொண்டார். முப்பது வருஷம் திரும்பத் திரும்பச் சொன்னபின், போட்டுக்கொண்டது எது, கேட்டது எது என்று அவருக்கே தெரிந்திருக்குமா? எனக்கும் ஒன்று உண்டு. 1998 ஷார்ஜா. மணல் புயல் அடிக்கிறது, பிறகு சச்சின் 143. அதை நேரலையில் விடாமல் பார்த்ததாகச் சத்தியம் செய்வேன். அம்மா சொல்கிறாள், புயலுக்காக ஆட்டம் நின்றபோதே நான் அவள் மடியில் தூங்கிவிட்டேனாம். நம்ப மறுக்கிறேன்.

ஆனால் இப்படியே போனால் எல்லாப் பொய்க்கும் ஒரு ரேடியோ கிடைத்துவிடும். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. ஏனென்றால் இது விஸ்வநாத் விஷயம்.

1980 பிப்ரவரி, பம்பாய் வாங்கடே. கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட். கேப்டன் விஸ்வநாத். இங்கிலாந்து ஐந்து விக்கெட்டை இழந்து தடுமாறிக்கொண்டிருந்தது. கபில்தேவ் பந்தில் பாப் டெய்லர் கேட்ச் என்று அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். மட்டையில் படவில்லை என்று ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத் நினைத்தார். அம்பயரிடம் பேசி டெய்லரைத் திரும்பக் கூப்பிட்டார். டெய்லர் 43 அடித்தார். போத்தமுடன் சேர்ந்து 171. இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. விஸ்வநாத் கேப்டனாக இருந்தது மொத்தமே இரண்டு டெஸ்ட். (கூட ஆடிய பத்துப் பேரின் வெற்றியை எடுத்துத் தன் நேர்மைக்குச் செலவு செய்ய ஒரு கேப்டனுக்கு உரிமை உண்டா என்று நண்பன் ஒருவன் கேட்பான். நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த வெற்றி இன்று யாருக்கு வேண்டும்?)

இப்படிப்பட்ட மனுஷனைக் கொண்டாட, பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமா? அவருக்கு மூன்று ரன் கடன் கொடுக்க நாம் யார்? அந்த மூன்று ரன்னில் இன்னொருவரும் காணாமல் போகிறார். எதிர்முனையில் கடைசி ஆளாக நின்றவர் சந்திரசேகர். சின்ன வயதில் போலியோ தாக்கிய அதே கையால் பந்து வீசி டெஸ்டில் 242 விக்கெட் எடுத்தவர். மொத்தம் அடித்த ரன்னோ 167. அவரால் முடிந்தவரை நின்றார், அவுட்டானார், விஸ்வநாத் 97-ல் நின்றுவிட்டார். நூறு என்றால் அது ஒரு ஆளின் கதை. 97 என்று சொன்னால்தான் சந்திராவும் உள்ளே வருகிறார். அப்பாவின் கதையில் சந்திரா வந்ததே இல்லை.

இதையெல்லாம் நினைத்துப் பார்த்து, நான் செய்தது சரிதான் என்று பல நாள் எனக்கே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. விஸ்வநாத் விட்டுக்கொடுத்தது தன் பக்கத்துக்குக் கிடைத்த விக்கெட்டை. நான் எடுத்தது அப்பாவின் விக்கெட்டை. உண்மை மேல் எனக்கு அப்படியொன்றும் பற்று இல்லை, இருந்திருந்தால் கல்யாண வீட்டிலிருந்து வந்த அன்றே, உட்கார வைத்து, "ரேடியோல கேட்டது எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டிருப்பேன். நான் சண்டையில் ஜெயிக்க அதை எடுத்து வீசினேன். கிரிக்கெட் பார்க்கக் காசில்லாத ஒரு பையன் கடை வாசலில் நின்றதை, அவன் அப்பாவாகி என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்ததை.

போன பொங்கலுக்கு அக்கா மகள் வந்திருந்தாள். பள்ளியில் கிரிக்கெட் ஆடுகிறாள். அப்பாவுக்கு இப்போது பேச்சு கொஞ்சம் இழுக்கிறது. அவள் மட்டையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, தானாகவே ஆரம்பித்தார். இந்தத் தடவை மளிகைக்கடை வந்தது. பேட்டரி இறங்கிப்போய், கட்டையை எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி போட்டது வந்தது. கடைக்காரர், சாமான் வாங்காதவங்க நகருங்க என்றதும், சித்தப்பா கால் கிலோ வெல்லம் கடன் சொன்னது வந்தது. சந்திராகூட வந்தார். "இன்னும் ஒரு ஓவர் நின்னிருந்தான்னா…" என்று நிறுத்தினார்.

பிறகு கையைப் பக்கவாட்டில் வெட்டினார். "அப்படி ஒரு கட். பந்து நேரா எங்க முன்னாடி வந்து போர்டுல மோதுச்சு."

"ரேடியோலயா தாத்தா?"

"ஆமா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.