தானாக எரிந்த விளக்கு

விருதுநகரில் எங்கள் வீட்டுக் கூடத்து விளக்கு, கைபேசியில் சொன்னால் எரியும், அணையும். சென்ற மாதம் அது நள்ளிரவில் தானாகவே எரிய ஆரம்பித்தது. வேலைக்காரம்மாளின் பையன் என் கைபேசியில் எதையோ மாற்றிவிட்டான் என்று தீர்மானித்தேன். "நான் தொடலை ஐயா" என்றான். நம்பவில்லை, கடிந்துகொண்டேன்.

காரணம் பிறகு அகப்பட்டது. நான் தூங்கும்போது மின்சாரம் போய்த் திரும்பியிருக்கிறது. திரும்பியதும் எரிவதே இத்தகைய பல விளக்குகளுக்குத் தொழிற்சாலையில் விதித்திருக்கும் வழக்கம். அதை மாற்ற அரை நிமிஷம் ஆயிற்று.

யந்திரத்தைச் சந்தேகிக்கச் சிறிது அறிவு வேண்டியிருந்தது. ஏழைப் பையனைச் சந்தேகிக்க எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவன் தகப்பன் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறவன். அங்கே விபத்து நேர்ந்தால், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறவன்தான் நானும். உராய்வா, உடம்பில் ஏறிய நிலைமின்சாரமா, ஈரம் பட்டுச் சூடேறிய அலுமினியப் பொடியா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பையனிடம் போய்ச் சொன்னேன்.

"அன்னைக்கே சொன்னேனே ஐயா" என்றான்.