பாட்டனார் மறைத்த ஊர்

குடும்ப வரலாறு எழுத விழையும் அன்பர்கள், எங்கிருந்து தொடங்குவது என வினவுகின்றனர். வீட்டு முதியோரிடமிருந்தே என்பேன். ஏடுகள் காத்திருக்கும், முதியோரின் நினைவு காத்திராது. பின்னர்ப் பழைய பங்கீட்டு அட்டை, நிலப் பத்திரம், நெல்லைச் சீமைத் திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடு, எழும்பூர் ஆவணக் காப்பகம் என நாடலாம்.

ஆயின், பாண்டுப்பில் வாழும் நமக்கு வேறொரு வினாவும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு நெல்லைத் தமிழர் வரத் தொடங்கினர். அவர்களை விரட்டியது வறுமை மட்டுமா? சாதி இழிவும் விரட்டிற்று. இங்கு வந்தபின் ஊர்ப்பெயரையே உரையாது விட்டவர் உளர். பிற்காலத்தே வந்த என் பாட்டனாரும் அவ்வாறே செய்தார். அவர் மூடிய கதவைத் திறக்கும் உரிமை பேரனுக்கு உண்டோ?

நெடுநாள் தயங்கினேன். அவர் மறைத்தது எங்களைக் காக்கவே. எனினும், அந்த அச்சம் எவரால் விளைந்தது என எழுதாவிடின், இழைத்தோர் தப்ப, இழிவு மட்டும் அவரிடம் தங்கிவிடும். எனவே எழுதினேன்.

பாட்டியாரின் பெயரை எழுதப் புகுந்தபோது எழுதுகோல் நின்றது. எங்கள் தலைப்பெழுத்துகள் தந்தையரை மட்டுமே சுமந்து வந்தவை. வீட்டில் எல்லோருக்கும் அவர் ‘ஆச்சி’.