வந்தியின் பங்கு



மதுரையிலே வைகை பெருக்கெடுத்தபோது, வீட்டுக்கு ஒரு பங்காகக் கரையை அளந்து அடைக்கும்படி அரிமர்த்தன பாண்டியன் ஆணையிட்டான். இளைஞர் நிறைந்த வீட்டுக்கு எவ்விதமோ, ஆதரவின்றிப் பிட்டு அவித்து விற்றுச் சீவித்த வந்தி என்னும் மூதாட்டிக்கும் அவ்விதமே ஒரு பங்கு கிடைத்தது. அரச கணக்கிலே எல்லோரும் சமன். அந்தச் சமனுக்குள்ளே தளர்ந்த கிழவி ஒருத்தி தனித்து நின்றதைக் கண்டவர் சோமசுந்தரப் பெருமான். அவர் கூலியாளாக வந்து மண் சுமந்த வரலாற்றைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் விரித்துரைத்துள்ளார்.

வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த களுவாஞ்சிக்குடி மக்களுக்கு வெள்ளம் புதிதன்று. இன்று எழுபத்தைந்தைக் கடந்த முதியோர் 1957ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தையும், 1978 நவம்பர்ச் சூறாவளியையும், 2004 ஆழிப்பேரலையையும், நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பாதித்து மட்டக்களப்பை மிகவும் வாட்டிய 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்டவர்கள்.

வெள்ள காலத்தில் பாடசாலைகளிலே தங்குவோருக்குச் சோற்றுப் பார்சலும் பாயும் சமனாகவே பகிரப்படுகின்றன. ஆனால் தரையில் இருந்தால் எழும்ப முடியாதவர், மலசலகூடம் தூரமென்று தண்ணீர் குடியாமல் இருப்பவர், சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் உரிய குளிசையையும் கிளினிக் கொப்பியையும் வெள்ளத்தில் விட்டவர், மூக்குக்கண்ணாடியும் கைத்தடியும் இழந்தவர் ஆகியோரின் குறை பார்சலில் அடங்காது. பல நாள் படுத்திருந்தாலே முதியவரின் கால் தசை மெலிந்துவிடும். தண்ணீர் வற்றி வீடு திரும்பியபின் அவர் நடக்கமாட்டாதவர் ஆகிறார். ஆதலால் வெள்ளம் வடிந்த பின்னரே அவருக்கான தொண்டு தொடங்குகிறது.

அத்தொண்டு பெரிய செலவுடையதன்று. குளிசை தவறாது கிடைக்கச் செய்தல், தினமும் கைபிடித்து முற்றத்தில் நடத்துதல், வைத்தியசாலையில் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லல், வழுக்கும் வாசலிலும் மலசலகூடத்திலும் பிடித்து நடக்கக் கம்பு கட்டுதல் என்பன போதும். சீனி வருத்தமுள்ளவர் வெறுங்காலுடன் சேற்றில் இறங்காதபடி காத்தல் வேண்டும். ஈரமண்ணிலுள்ள மெலியோய்டோசிஸ் கிருமி கிழக்கிலும் உண்டு. காலிற் புண்ணோ விடாத காய்ச்சலோ கண்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டும். பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணித்தலாகாதென 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் உழைக்கும் வீடுகளில் அந்தக் கடமை அயலவர் கையில் வந்து சேர்கிறது.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. பெருமான் வந்திக்கு வேலையைத் தருமமாகச் செய்யவில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கேட்டு வாங்கினார். கிழவியும் கூலி கொடுத்து ஆள்பிடித்தவளாகத் தலைநிமிர்ந்து நின்றாள். அவ்வாறே பாய் இழைத்த கைக்குப் பன்னோலையும், மாலை கட்டிய கைக்குப் பூவும், கதை சொன்ன வாய்க்குப் பேரப்பிள்ளைகளும் திரும்பக் கிடைத்தால்தான் அந்த முதியவர் மீண்டெழுந்தார் எனலாம். சோறு மட்டும் கொடுத்து மூலையில் இருத்துவது பராமரிப்பாகாது.

வேலை செய்யாத கூலியாள்மேல் பாண்டியன் ஓங்கிய பிரம்படி, அரசன் முதுகிலும் அனைத்துயிர் முதுகிலும் பட்டது. தனித்திருக்கும் ஒரு முதியவரின் துன்பமும் ஊர் முழுவதன் முதுகிலும் விழும் அடியே. அடுத்த மாரிக்கு முன்னரே ஒவ்வொரு தெருவிலும் ‘வந்தி’ யார் எனக் கண்டறிந்து, அவர் பங்கைச் சுமக்க ஒருவர் முன்வருவாராயின், அதுவே ஆலயத்தில் செய்யும் அபிடேகத்துக்கு ஒப்பான வழிபாடாம்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் முன்னிற்க!

சுபம்.